'வீடு' என்பதை 'வீடு' என்பர்

அன்று பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, தட்டச்சு நிலையத்தின் வாசலில் நின்றபடியே என் மகள் கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்தாள். எல்லாம் கெடத் தொடங்கியது அப்போதுதான்.

எழுபதுகளின் நடுவில் அவள் தருமபுரியில் கல்லூரியில் இறுதியாண்டு தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். நான் அதே ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வீட்டில் நாங்கள் இருவர்தான். தேர்வுக்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டுரை எழுதி, பேராசிரியரின் கையொப்பத்தோடு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி. கொடுக்காதவர் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் வீணாகும். தட்டச்சு நிலையத்தில் நின்ற அந்த நாளுக்கு மறுநாள் காலையோடு கெடு முடிந்தது.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் இண்டூர்ப் பக்கத்துப் பேச்சு. வகரத்தோடு சேர்ந்து வரும் இகர ஈகாரம் எங்கள் வாயில் உகர ஊகாரமாகிவிடும். வீடு வூடாகும், விடு வுடு ஆகும், விழுந்தது வுழுந்துச்சு ஆகும். இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சந்தையிலும் கடலைக்காட்டிலும் நின்று, பெண்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதினாள்.

பேராசிரியர் தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு கண் எப்போதும் கைக்கடிகாரத்தில் இருக்கும். முதல் வரைவை "கொச்சைக்கு இலக்கணமா?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். தொடக்கத்தில் தமிழின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி வேண்டும் என்று அவரே சொல்லச் சொல்ல இவள் எழுதிக்கொண்டாள். அடுத்த வரைவில் அதே பத்தியைக் குறுக்கே அடித்து, "யாரு உன்ன இதையெல்லாம் எழுதச் சொன்னது?" என்று கேட்டார். "நீங்கதாங்க ஐயா" என்று அவள் சொல்லவில்லை. நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கடுத்த முறை உதாரணம் அதிகம் என்றார். குறைத்துக் கொண்டுபோனபோது உதாரணம் போதாது என்றார். அவரிடம் மொத்தம் இரண்டு கருத்துகள்தான் இருந்தன, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார் என்பது என் முடிவு. முதுகு நோக அவள் எழுதியதெல்லாம் அந்த மனிதருக்குப் பஸ் வரும்வரை பொழுதுபோக்கு. கடைசியில் சலித்துப்போய், டைப் அடித்துக் கொண்டுவா என்று விட்டுவிட்டார்.

தட்டச்சு நிலையக்காரர் வேறு ரகம். புலவர் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றவர். படித்த பாதியை ஊரார் தலையில் கட்டுவதே அவருக்குத் தொழில். மகள் நீட்டிய பக்கத்தை நான் வாங்கிப் படித்தேன்.

"'வீடு' என்பதை இப்பகுதி மக்கள் 'வீடு' என்பர். 'விழுந்தது' என்பதை 'விழுந்தது' என்பர்."

எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருந்தது.

"என்னங்கண்ணா இது?" என்றாள்.

"திருத்திட்டேன் பாப்பா. காலேஜ் வரைக்கும் வந்துட்ட, வீடுன்னு எழுதத் தெரியலையே! நல்லவேளை, எங்கிட்ட வந்துச்சு."

"அது தப்பில்லீங்க. கட்டுரையே அதப் பத்தித்தாங்க."

"தப்பப் பத்தி யாராச்சும் கட்டுரை எழுதுவாங்களா?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரே சொல்ல ரெண்டு தடவ அடிக்கிறமே, எதுக்குன்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சனுங்க டீச்சர். அவசரத்துல பாப்பா ரெண்டு தடவ எழுதிடுச்சுன்னு நெனச்சேன். வேற எடமா இருந்தா அப்படியே வுட்டுருப்பாங்க. நான் வுடமாட்டேனுங்க."

வுடமாட்டாராம். அழும் நிலையில் இருந்த மகள் அதைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பென்சில் கையிலிருந்தால் அதையும் உதாரணமாகக் குறித்துக்கொண்டிருப்பாள்.

மறுபடி அடிக்க அவருக்கு நேரமில்லையாம், பத்திரம் ஒன்று காத்திருக்கிறதாம். அவருடைய பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிளேடால் சுரண்டி, கறுப்பு மையில் திருத்தினாள். நடுவில் அவர் எட்டிப் பார்த்து, "நல்லா இருந்ததக் கெடுக்குதே பொண்ணு" என்றார். நாங்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேராசிரியர் சேலம் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

பஸ் நிலையத்துக்கு ஓடினோம். அவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்றாள் மகள். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், புறப்பட்டுக்கொண்டிருந்த அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் சேதி வந்தது, தொப்பூர் கணவாயில் விபத்து என்று. நேரக்காப்பாளரிடம் ஓடினேன். அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுங்களா, லாரிங்களா?"

"எது வுழுந்துச்சுன்னு தெரியலீங்க. தொப்பூர்ல தெனம் ஒண்ணு வுழுதுங்க, இன்னிக்கு என்ன புதுசா?" என்று இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போயிருக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ரெண்டு பேர் போயிட்டாங்களாம் என்றார் ஒருவர். அவரைவிடத் தான் குறைந்தவனா என்று இன்னொருவர் அதை ஐந்தாக்கினார். அவர்களில் ஒருவருக்காவது பெண் பிள்ளை இருந்திருக்கும். என் மகள் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறாள் என்று நான் சொன்ன பிறகும் அவர்கள் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. கட்டுரையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், பெண் வந்தால் போதும் என்று சிமென்ட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருடங்கள் போய்விட்டன. இன்றும் அவள் வெளியூர் போனால், திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கணவாயில் மேலே ஏறிவரும் பாதையை மட்டும் முதலில் திறந்துவிட்டார்கள் போலும். சேலத்திலிருந்து முதல் பஸ் வந்தது. கூட்டத்துக்குப் பின்னால், புழுதி படிந்த முகத்தோடு, கட்டுரையை மார்போடு அணைத்தபடி என் மகள் இறங்கினாள். நான் அவள் கையைக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பக்கம் நின்ன இந்தப் பஸ்ல ஏறி வந்துட்டேன். லாரிதான் சரிஞ்சு கெடக்கு. வண்டியெல்லாம் நின்னுபோச்சு. எறங்கி முன்னாடி நடந்தா, சார் போன பஸ்ஸும் அங்கதான் நிக்குது. அவரு ரோட்டோர ஓட்டல்ல புரோட்டா சாப்பிட்டுட்டு இருந்தாரு. நீட்டினேன். கையத் தொடச்சுக்கிட்டு, 'கையெழுத்து எங்கம்மா போடணும்?'னு மட்டுந்தான் கேட்டாரு."