குளிக்காமல் சிகாகோ வரை

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யாராவது ஊருக்குக் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, வீட்டிலிருப்பவர்கள் குளிக்கக் கூடாது. பாலக்காடு போகிறவர்களை மனதில் வைத்து யாரோ போட்ட சட்டம் அது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். மகள் மேல்படிப்புக்காகச் சிகாகோ கிளம்பியபோதும் என் மனைவி அதைத் தளர்த்தச் சம்மதிக்கவில்லை.

மட்டாஞ்சேரிப் புழுக்கத்தில் ஒரு வேளை குளிக்காமல் இருப்பதே தண்டனை. போதாக்குறைக்கு எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சுக்குக் கிடங்கு. அங்கே மூட்டையை உதறினால் தூசி எங்கள் கூடத்தில்தான் குடியேறும். ஆனாலும் நான் கவலைப்படவில்லை. டிக்கெட்டை நானே பார்த்திருந்தேன். விடியற்காலை கொச்சியில் ஏறினால் அன்றே மாலை நாலு மணிக்குச் சிகாகோ. ஒரு பகல்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தேன்.

காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் தோஹாவிலிருந்து மகள் கூப்பிட்டாள். அங்கே விமானம் மாற வேண்டும். நான் உடனே துண்டை எடுத்தேன்.

“எங்கே போறேள்?” என்றாள் மனைவி.

“கொழந்தை எறங்கிட்டாளே.”

“அது பாதி வழின்னா. குளிக்கப்படாது.”

“அப்போ இடுப்புவரைக்கும் குளிச்சுக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை. விமானம் என்றாலே அவளுக்குப் பயம். ஒரே பெண் வேறு.

நாலு மணி ஆயிற்று. போன் வரவில்லை. நாலரைக்கு அவள் முகம் வெளிறிவிட்டது. தைரியம் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல்தான் வந்தது. மகளின் போன் அணைந்திருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் கோலத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சேச்சி பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய மகள் அமெரிக்காவில் நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ சாமீ, டிக்கெட்டிலே போட்டிருக்கது அங்கத்தே சமயம், நம்மூர் மணியில்லே. அங்கே இப்பதான் நேரம் வெளுக்குது. உங்க மோள் ஆகாசத்திலே சுகமா உறங்கிட்டிருப்பா!”

ஏற்றுமதிக் கம்பெனியில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவன் நான். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, “அப்போ நாளைக்குக் காலம்பறதான்” என்றாள்.

மறுநாள் காலை போன் வந்தது. “எத்தியாச்சும்மா, வந்து சேர்ந்துட்டேன்.” அடுத்த வார்த்தைக்குள் நான் குளியலறையில் இருந்தேன்.

வெளியே வந்தபோது வீடு பளிச்சென்றிருந்தது. மகளின் அறை மட்டும் அப்படியே கிடந்தது. கட்டில்மேல் பெட்டியில் அடங்காத துணிகள், தரையில் ஒரு ஹேர்பின், சீப்பிலிருந்து உதிர்ந்த முடி. மனைவி துடைப்பத்தோடு அறைவாசலில் நின்றிருந்தாள்.

“இதையும் பெருக்கிடேன். அதான் எத்திட்டாளே.”

“அங்கேதானே எத்தியிருக்கா,” என்றாள். “இங்கே வந்து எத்தட்டும்.”

படிப்பு முடிய இரண்டு வருடம் ஆகும். அறைக்கதவை நானே சாத்தினேன்.