திறக்காத பொதுக் கோப்புறை

காலை பத்து மணியிலிருந்து நிவேதனா ஒரே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் கணினியில் உள்ள பொதுக் கோப்புறையைத் திறக்க அவளுக்கு அனுமதி இல்லை என்றது திரை.

சண்டிலிப்பாய் வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டுந்தான். செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும், இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டுப் புத்தகங்களை வடிவமைப்பது அவர்கள் தொழில். முன்னறையில் தனுசியா பழைய படங்களை ஸ்கான் பண்ணி அந்தக் கோப்புறையில் போடுவாள். பின்னறையில் நிவேதனா எடுத்துப் பக்கம் கட்டுவாள். எட்டு நாளாக இருவருக்கும் கதை பேச்சு இல்லாதபோதும் வேலை நடந்ததற்குக் காரணம் அந்தக் கோப்புறைதான்.

சண்டை அப்பாவைப் பற்றியது. அடுத்த மாதம் அவர் இறந்து ஒரு வருடம், ஆட்டைத்திவசம். அதற்கு அடிக்கும் நினைவு மலரில், அவர் ஐந்து வருடம் வீட்டை விட்டுப் போயிருந்ததையும் எழுதவேண்டும் என்றாள் தனுசியா. ஊர் வாசிக்க அது எதற்கு என்றாள் நிவேதனா.

இன்று தனுசியா கொடிகாமத்துக்குப் போயிருந்தாள். ஒரு குடும்பத்தின் கல்வெட்டு இரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டும். நாற்பது படங்களும் முன்னறைக் கணினியில் கிடந்தன.

நிவேதனா ரவுட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். வயரைக் கழற்றிச் செருகினாள். முன்னறைக் கணினியின் முகவரிக்குப் பிங் அனுப்பினாள். உடனே பதில் வந்தது. அப்படியென்றால் இணைப்பில் பிழையில்லை. எழும்பி நடந்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்பவும் அதே கோப்புறையைச் சொடுக்கினாள். அதே செய்தி. பென் டிரைவிலாவது கொப்பி பண்ணுவோம் என்று முன்னறைக்குப் போனாள். அந்தக் கணினி பாஸ்வேர்ட் கேட்டது. இரண்டு கணினிக்கும் எப்போதும் ஒரே பாஸ்வேர்ட்தான். அதை அடித்தாள். பிழை என்றது. இன்னொருதரம், எழுத்தெழுத்தாக. பிழை.

ஒன்றே கால் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் போன் எடுத்தாள்.

"பாஸ்வேர்ட் மாத்தினனியோ?"

பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலால் தனுசியாவின் குரல் வந்தது.

"ஓம்."

"ஏன்?"

"அப்பான்ரை மலருக்கு எழுதுறன். முடியமுன்னம் நீங்கள் வாசிக்கக் கூடாது."

"படங்கள் வேணும். இரண்டு மணிக்குக் குடுக்கோணும்."

தனுசியா புதிய பாஸ்வேர்ட்டின் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "படத்தை மட்டும் எடுங்கோ அக்கா."

நிவேதனா தன் கணினியில் சேமித்திருந்த பழைய பாஸ்வேர்ட்டை அழித்துவிட்டுப் புதியதைக் கொடுத்தாள். கோப்புறை திறந்தது. படங்களுக்குக் கீழே 'அப்பா' என்று ஒரு கோப்பு இருந்தது. அதைத் தொடவில்லை. பக்கங்களைக் கட்டி, இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க அனுப்பினாள்.

பிறகு முற்றத்தைக் கூட்டினாள். கூட்டி முடியுமுன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கதிரையில் இருந்தாள், எழும்பினாள். மூன்று மணிக்கு அந்தக் கோப்பைத் திறந்தாள்.

நாலு பக்கம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வேலை, புகையிலைத் தோட்டம், எல்லாம் இருந்தன. அந்த ஐந்து வருடத்துக்கு ஒரே வரி: "ஒரு மார்கழி மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனார்."

தனுசியா வந்து கைப்பையை வைக்கமுன்னமே நிவேதனா சொன்னாள்.

"நான் வாசிச்சிட்டன்."

தனுசியாவின் முகம் இறுகியது. "சொன்னனான்தானே."

"நீ எழுதினது பிழை. மார்கழி இல்லை, ஆடி. எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"உங்களுக்கோ?"

"எனக்குப் பதினொரு வயசு. வாசல் படலையடியிலை வைச்சு, அம்மாட்டைச் சொல்லாதை எண்டவர். நான் சொல்லேல்லை. அம்மா கிணத்தடி, றோட்டு எல்லாம் தேடித் திரிஞ்சவ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

தனுசியா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.  பிறகு, "அதையும் எழுதட்டோ?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை," என்றாள் நிவேதனா. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கதவடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். "ஆடி எண்டு மட்டும் இப்ப மாத்து."

மலர் அச்சாகி வந்தபோது அதில் ஆடி என்று இருந்தது. படலையடிக் கதை இல்லை. பாஸ்வேர்ட்டைத் தனுசியா பழையபடி மாற்றவுமில்லை. புதியது இப்போது இருவருக்கும் தெரியும்.