என் மொட்டை மாடியில் வத்தல் காய்ந்தால்

வெயில் அடிக்கும் என்று சொல்லி வெயில் அடித்தால் யாரும் நம்மைப் பாராட்டுவதில்லை. மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் மட்டும் வீடு தேடி வந்து விசாரிப்பார்கள். இதுதான் என் தொழில். தேனி மாவட்ட விவசாயிகளுக்கு வாட்ஸப்பில் பேசி வானிலை அனுப்புகிறேன். அலுவலகம் பெரியகுளத்தில், குடித்தனம் சின்னமனூருக்குப் பக்கத்து ஊரில். பங்குனி பிறந்தால் போதும், காலையெல்லாம் மண்டை பிளக்கும் வெயில், மத்தியானத்துக்கு மேல் மேகமலைப் பக்கம் கொஞ்சம் கருப்பு, பிறகு எங்கிருந்தோ ஒரு சூறைக்காற்று. அது எந்த ஊர் வழியாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

கரண்ட் ஆபீசில் போன் எடுப்பவர்கள், பஸ் ஸ்டாண்டில் நேரம் சொல்பவர்கள், தன் கையில் இல்லாததற்கெல்லாம் பதில் சொல்லும் மற்ற புண்ணியவான்கள் எல்லாரும் இதைத் தங்கள் கதையாகவே படிக்கலாம்.

ஓரிரு இடங்கள்

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." கோடை முழுக்க எங்களுக்குச் சோறு போடும் வாக்கியம் இது. எந்த இடம் என்று சொல்லாததால் பொய்யாகவும் போகாது.

கடமலைக்குண்டில் முருங்கை போட்டிருக்கும் ஒரு பெரியவர் என் செய்திகளை ஒன்று விடாமல் கேட்பார். மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும் மழை அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒருநாள் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துக் காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். அவரோ ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "மேடம், அந்த ஓரிரு இடத்துல ஒரு தடவையாச்சும் எங்க ஊரையும் சேத்துவிடுங்க."

வெட்டு முடியட்டும்

அதே வாரம் கம்பத்திலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கூப்பிட்டார். பழம் வெட்டுக்கு நிற்கிறது. இப்போது ஒரு மழை பெய்தாலும் பழமெல்லாம் வெடித்துப் போகும். மழை இல்லை என்று என் வாயால் கேட்டுவிட வேண்டும் அவருக்கு. கடமலைக்குண்டில் மழைக்கு ஏங்கிக்கிடக்கிறார்கள் அண்ணாச்சி, என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். மனிதர் நியாயஸ்தர். "அவுகளுக்குக் குடுக்க வேணாம்னா சொல்றேன்? தாராளமாக் குடுங்க. எங்க வெட்டு முடிஞ்சபெறகு குடுங்கன்னுதான் சொல்றேன்."

பாஸ்கா மேடை

எங்கள் தெருவுக்குப் பின்னால் வாழை போட்டிருப்பவர் ஆரோக்கியம் அண்ணன். தோட்டம் குத்தகைக்கு எடுத்தது. போன சித்திரையில் அடித்த காற்றில் அத்தனை மரமும் படுத்துவிட்டது. இந்த வருடமும் தாரோடு மரம் சாய்ந்தால் குத்தகையை விட்டுவிட்டு வேலைக்குக் கேரளா போக வேண்டியதுதான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அவர் ஊர்க் கோயிலில் வருடாவருடம் பெரிய வெள்ளியன்று ஏசு சிலுவையில் அறையப்பட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். திறந்தவெளி மேடை. அண்ணனுக்கு, ஏசுவைச் சாவுக்குக் கொடுத்துவிட்டு 'எனக்குப் பொறுப்பில்லை' என்று கை கழுவும் பிலாத்து வேஷம், கூடவே மேடைப் பொறுப்பும். அன்றைக்குச் சாயங்காலம் இடி மின்னல் இருக்கலாம் என்று சொன்னேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால் முகம் மலர்ந்துவிட்டது. "இடி வரட்டும் தங்கச்சி, சிலுவைச் சீனுக்கு எடுப்பா இருக்கும். மழை மட்டும் கடைசிப் பாட்டு முடிஞ்சு வரச் சொல்லு."

மாடி நிலையம்

எங்கள் ஊர்க்காரர்கள் நான் சொல்வதை அவ்வளவாகக் கேட்பதில்லை என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு குறை. காரணத்தை என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து கொண்டுவந்தார். அவர்கள் என் மொட்டை மாடியைப் பார்த்து முடிவெடுக்கிறார்களாம். வத்தல் காய்ந்தால் மழை இல்லை. மாடி காலியாக இருந்தால் உஷார். வானிலை தெரிந்த வீட்டில் தெரியாமலா வத்தல் போடுவார்கள்?

இதில் ஒரே ஒரு சிக்கல். மாடி என் மாமியாருடைய ஆட்சியில் இருக்கிறது. அத்தை என் செய்தியை ஒருநாளும் கேட்டவரில்லை. இதை டீக்கடைக்காரரிடம் என் வீட்டுக்காரர் எடுத்துச் சொல்லியும் பார்த்திருக்கிறார். அவர் மசியவில்லை. "மேடம் போன்ல சொல்றது கவர்மெண்டுக்கு. மாடியில காயப்போடுறதுதான் நமக்கு."

கை கழுவுவது

ஈஸ்டர் முடிந்து சித்திரையில் ஒரு காலை. ஆபீசில் சாட்டிலைட் படங்களைப் பார்த்தேன், லட்சணம் சரியில்லை. சாயங்காலம் பலத்த காற்றுக்கு வாய்ப்பு, வாழைக்கு முட்டுக் கொடுங்கள் என்று பேசி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியம் அண்ணன் கூப்பிட்டார். "போன்ல காத்துங்கிற. உன் மாடியில வேட்டி வேட்டியாக் கூழ்வத்தல் காயுது. முட்டுக் கொடுக்க ஆளைக் கூப்புடவா, வேணாமா?"

வத்தல் அத்தை போட்டது, அதைப் பார்க்காதீர்கள் என்றேன். பிறகு பழக்கதோஷத்தில், "வாய்ப்பு இருக்குண்ணே, முடிவு உங்க கையில" என்றும் சொல்லித் தொலைத்தேன். அண்ணன் விடவில்லை: "கை கழுவுறது என் வேஷம் தங்கச்சி. நீ பண்ணாத."

பளிச்சென்ற வானம்

"காத்து அடிக்கும்ணே. ஆளைக் கூப்புடுங்க." இத்தனை வருட வேலையில் வாய்ப்பு என்ற சொல் இல்லாமல் நான் பேசியது அதுதான் முதல்முறை. சொல்லிவிட்டு உட்கார முடியவில்லை. வத்தலை எடுக்கச் சொல்லி அத்தைக்குப் போன் செய்தால், "இந்த வெயிலை விட்டா வேற வெயிலா?" என்று வைத்துவிட்டார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து, தீயாய்க் காயும் மாடியில் ஏறி, பாதி காய்ந்த வத்தலை வேட்டியோடு சுருட்டினேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டது. ஆனால் மாடி காலியானதைப் பார்த்த தெரு எழுந்துகொண்டது. ஆளாளுக்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள். பொழுது இறங்கியும் ஒரு மேகம் இல்லை. என்னை நம்பிக் கூலி கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வாசலுக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். களியான வத்தலைப் பார்த்து அத்தை கேட்டார்: "வானம் பொய் சொல்லுது, உன் செல்லுதான் நெசஞ் சொல்லுதாக்கும்?"

மறுநாள் காலை

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில்தான் காற்று வந்தது. எங்கள் வீட்டுத் தகரம் ஒன்று பறந்து அடுத்த வீட்டில் விழுந்தது.

விடிந்ததும் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். முட்டு எட்டாத ஓரத்து வரிசைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. மற்றவையெல்லாம் தாரோடு நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தார். "கேரளாவுக்குப் போகல தங்கச்சி."

வீட்டுக்குத் திரும்பினால் அத்தை மாவுப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறார். வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏத்தா, இன்னைக்கு வத்தல் ஊத்தலாமா? வாய்ப்பு கீய்ப்புங்காமச் சொல்லு."

அன்றிலிருந்து மாடியில் வத்தல் போடச் சொல்வதும் என் வேலையாகிவிட்டதால், ஊர் வானிலைக்கு ஒருமுறையும் வீட்டு வானிலைக்கு ஒருமுறையுமாக இப்போது நான் இரண்டு முறை திட்டு வாங்குகிறேன்.