சத்தம் மட்டும் கேட்ட டீவி

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, மாத்தளை டவுனில் ஒரு டீவிக் கடையில் நடந்தது இது. இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் மகள் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். கட்டாரிலிருந்து வந்த என் தம்பி கொடுத்த கேம் மெஷினில் கார் ரேஸ் ஓட்டுவாள். சும்மா பொழுதுபோக்கு இல்லை, கண்டியில் நடக்கப்போகும் போட்டிக்குப் பெயரும் கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டுப் பழைய டீவியோ, பட்டனை அமுக்கினால் ஆற அமர யோசித்துவிட்டுத்தான் காரைத் திருப்பும். "இதுல பழகினா மொத சுத்துலயே அவுட்டும்மா" என்று ஒரே புலம்பல். சரி, வேறு டீவி பார்ப்போம் என்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லா டீவியிலும் பூவும் மீனும் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. "கேமுக்கு நல்லம்" என்றார்கள். எங்கள் மெஷினை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியாக ஏறிய கடையில் ஒரு முஸ்லிம் நானா, கடை முதலாளி, தனியாக இருந்தார். எல்கடுவ மலையிலிருந்து மெஷினோடு வந்திருக்கிறோம் என்றேன். "கொண்டு வந்தீங்களா? அப்ப போட்டுப் பாருங்களே" என்றார். காட்சிக்கு வைத்திருந்தவற்றில் ஒரே ஒரு டீவிதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருந்தது. மகள் ஸ்கூல் பேக்கிலிருந்து மெஷினை எடுத்து மாட்டும்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

"நான் ஜும்மா தொழுதுட்டு வாறேன் தங்கச்சி. நீங்க ஆறுதலா பாருங்க. ஷட்டர பாதி இறக்கி வெக்கிறேன். யாராச்சும் வந்தா பொறகு வரச் செல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். முன்பின் தெரியாத எங்களிடம் கடை முழுவதையும் விட்டுவிட்டு!

மகளுக்குக் கொண்டாட்டம். "அம்மா, அமுக்கினவுடனே திரும்புதும்மா!" என்றாள். கேம் மோடு என்று ஒன்றைப் போட்டாள். படம் இன்னும் பிரகாசமானது. எனக்கும் மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரம்தான். பட்டென்று திரை கறுத்துவிட்டது. கார்கள் உறுமும் சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது.

"என்னாடி பண்ணுன?" என்று கத்தினேன். "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்று அழத் தொடங்கிவிட்டாள். நிறுத்திப் போட்டோம், வயரைக் கழற்றி மாட்டினோம். சத்தம் வந்தது, படம் வரவில்லை. ஐயோ, வாங்கவே யோசித்த டீவியை உடைத்துவிட்டு வெறுங்கையோடு போகப் போகிறோமே! மெதுவாக வெளியே நழுவிவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. கடையை யாரிடம் விட்டுப் போவது? அப்போது பார்த்து ஒருவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து, முதலாளி இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோய்க் கையை மட்டும் ஆட்டினேன்.

நானா வந்து என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று மனசுக்குள் ஒரு வழக்கே நடந்தது. "கடைசியா தொட்டது நீங்கதானே" என்பார். கூட்டம் கூடும். மகளைத் திட்டுவார். திட்டினால் நானும் விடமாட்டேன் என்று கோபமும் வந்தது.

ஷட்டர் உயர்ந்ததும், அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் படபடவென்று கொட்டினேன். "அண்ணே, நாங்க வேணும்னு செய்யல. கீழ போடல, தட்டல. சத்தியமா அதுவாத்தான் போச்சு."

"வேணும்னு செஞ்சதா யாரு சென்ன?" என்றார் சிரித்தபடி.

போன் டோர்ச்சைத் திரைக்கு அருகில் பிடித்தார். மங்கலாகக் கார்கள் தெரிந்தன. "படம் ஈக்கிது. உள்ளுக்கு லைட்தான் போயிருக்கு. அது டீவியில உள்ள கோளாறு. அழாதீங்க மகள். நல்ல வேள, வீட்டுக்குக் கொண்டு போன பொறகு நடக்கல்ல. இதத் தூக்கிக்கிட்டு அந்த மலையிலருந்து திரும்ப வரணுமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு அதே விலைக்குள் அளவில் சின்ன டீவி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, மகளை நெடுநேரம் ஓட்டவிட்டார். அதுவும் அமுக்கியவுடன் திரும்பியது. அதைத்தான் வாங்கி வந்தோம். கண்டியில் இரண்டாம் சுற்று வரைக்கும் போனாள்.

அந்தப் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் நான் பயந்து பயந்து சண்டை போட்டது, நானே உண்டாக்கிக்கொண்ட ஒரு மனுசனோடுதான். நிஜ மனுசன் எங்களை நம்பிக் கடையை விட்டுவிட்டு நிம்மதியாகத் தொழுதுகொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.