கண்ணாடிக்கு வைத்த தெர்மாமீட்டர்

"எல்லாம் ஒரே கார்லதான வந்தீங்கோ? நாலு பேரும் நாலு வாட்டி அதே கதைய கேக்கறீங்க. வழியில ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டீங்களா?"

ஜெயம்மாள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. கணவர் வேடியப்பன் இறந்து அப்போது ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

காரில் வந்தது ஒரு பல்கலைக்கழகக் குழு. வானிலை படித்தவர் ஒருவர், சோலார் பொறியாளர் கிங்ஸ்லி, பொருளாதாரம் படித்த விஜயன், பொதுச் சுகாதாரம் படித்த ஷோபனா. கூடிக்கொண்டே போகும் வெப்பத்தையும் சூரிய மின்சாரத்தையும் சேர்த்து ஆராய வந்திருந்தார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது, பதில் சொல்பவர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள். ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பியிருந்த நான், வீட்டில் உட்கார முடியாமல் மொழிபெயர்க்கப் போனேன்.

ஜெயம்மாள் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வேடியப்பனைக் கட்டிக்கொண்டு கனகம்மாசத்திரத்துக்கு உள்ளடங்கிய ஒரு சிற்றூருக்கு வந்தாள். இருபத்தாறு வருஷம் இருவரும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கினார்கள். கிணறு வற்றியதும் நிலத்துக்காரர் அதைச் சோலாருக்குக் குத்தகை விட்டார். அதே நிலத்தில் அதே இருவருக்கும் வேறு வேலை கிடைத்தது. விடிந்ததும் பேனல்களைக் கழுவ வேண்டும். பிறகு வரிசைகளுக்கு நடுவே காய்ந்து நிற்கும் புல்லை அறுக்க வேண்டும், தீப்பிடித்துவிடக் கூடாதென்று. "பயிருக்குத் தண்ணி இல்லன்னாங்கோ, கண்ணாடிக்கு லாரியில வருது பாரு" என்று வேடியப்பன் கேலி செய்வாராம். ஆனால் அந்த வேலையில் அவருக்குப் பெருமையும் உண்டு. நாம் துடைத்த கண்ணாடியில்தான் மெட்ராஸ்காரன் வீட்டில் ஏசி ஓடுகிறது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாதாமாதம் கிருத்திகைக்கு அவர் விரதம். சாயங்காலம் திருத்தணி மலையில் விளக்கு தெரியும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. சித்திரை மாதக் கிருத்திகையன்றும் அப்படியே வேலைக்குப் போனார். மதியம் ஒரு மணி சுமாருக்கு, அரிவாளைப் பிடித்த கையோடு சாய்ந்தார்.

"தொட்டுப் பாத்தேன் பாப்பா. அடுப்புல கெடக்கற தோசக்கல்லு மாதிரி இருந்துச்சு. பொட்டு வேர்வை இல்ல."

இழுத்துப்போய் ஒரு பேனலின் நிழலில் கிடத்தினாள். கழுவுவதற்கு நின்ற லாரித் தண்ணீரை ஐந்து பக்கெட் ஊற்றினாள். லோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஈர உடம்பில் வழியெல்லாம் காற்று. அங்கே காய்ச்சல் பார்த்தபோது சூடு இறங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. இதயம் நின்று இறந்ததாகக் காகிதத்தில் எழுதினார்கள்.

கொழுந்தன் பச்சையப்பன், "கிருத்திகை அன்னிக்குப் போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும் அண்ணி. முருகனே கூப்டுகினாரு" என்றான். சூப்பர்வைசர், "விரதம்னா லீவு போட வேண்டியதுதான?" என்றார்.

அதனால் ஜெயம்மாள் குழுவிடம் ஒன்றைத்தான் கேட்டாள். "சாமியும் கூப்புடல, விரதமும் கொல்லல. வெயில்ல செத்தாருன்னு நீங்களாவது ஒரு காகிதத்துல எழுதுங்கோ. இல்லாட்டி நாளைக்கும் ஒரு மணிக்கு எவன் கையிலயாவது அரிவாளக் குடுப்பாங்க."

வானிலைக்காரர் வருத்தத்தோடு தலையாட்டினார். முப்பது வருஷக் கணக்கு அவரிடம் இருந்தது, ஒரு நாளில் ஒரு மனிதருக்கு நேர்ந்தது அதற்குள் வராது. விஜயனின் படிவத்தில் வெயிலால் வேலை போன நாட்களுக்குக் கட்டம் இருந்தது, சாவுக்கு இல்லை. நாட்களுக்கான கட்டத்திலேயே 'நிரந்தரம்' என்று எழுதினார்.

கிங்ஸ்லி லேப்டாப்பைத் திறந்தார். சூடு ஏறினால் பேனலில் மின்சாரம் குறையும், அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பேனலின் முதுகுச் சூடு பதிவாகும் என்று விளக்கினார். அன்றைய தேதிக்கு வந்ததும் அவர் குரல் தணிந்தது. "ஒண்ணு பத்துக்கு அறுபத்தாறு டிகிரிம்மா."

"எந்தக் கண்ணாடி?"

"அவர் விழுந்த வரிசை."

ஜெயம்மாள் அந்தத் திரையையே பார்த்தாள். "கண்ணாடிக்கு ஜுரம் பாத்துகினு இருந்திருக்கீங்கோ. எங்க ஆளுக்குப் பாக்கலியே சார்."

கிங்ஸ்லி லேப்டாப்பை மூடிவிட்டார்.

ஷோபனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி ஊத்தினது சரிதான்கா. டாக்டர் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாரு" என்றாள். போகும்போது தன் பையிலிருந்த தெர்மாமீட்டரைக் கொடுத்தாள்.

எட்டு மாதம் கழித்து அறிக்கைகள் வந்தன. ஷோபனாவின் அறிக்கையில், ஒரு பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் வேடியப்பன் இருந்தார், பெயரில்லாமல். ஜெயம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். 'ஓர் இறப்பு வெப்ப இறப்புகளின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. உடல் வெப்பத்தை அளக்கும் முன்பே தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது.'

"அப்ப ஊத்தாம இருந்திருந்தா எழுதியிருப்பாங்களா?"

நான் அறிக்கையை மடித்தேன்.

"ஆங், எழுதியிருப்பாங்க" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். உச்சிவெயிலில் புல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு வரிசை தள்ளி சுதா என்ற பெண் அப்படியே குந்தி, பிறகு மல்லாந்து விழுந்தாள். ஓடிய ஜெயம்மாள் முதலில் எடுத்தது பக்கெட்டை அல்ல. இடுப்புப் பையிலிருந்த தெர்மாமீட்டரை உறையிலிருந்து உருவினாள். அதைப் பார்த்தாள், சுதாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு அதைப் புல்லில் வீசிவிட்டு லாரியை நோக்கி ஓடினாள்.

மூன்றாவது பக்கெட்டில் சுதா இருமினாள். ஐந்தாவதில் எழுந்து உட்கார்ந்தாள்.

சூப்பர்வைசர் வந்தார். "இன்னா, இவளுக்கும் விரதமா?"

"இல்ல சார். வெயிலு."

அவர் தன் நோட்டில் 'மயக்கம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜெயம்மாள் நனைந்த சேலையோடு பேனல் நிழலில் உட்கார்ந்தாள். தெர்மாமீட்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கும் அஞ்சு பக்கெட்டுதான் ஊத்துனேன் பாப்பா. அதே லாரித் தண்ணிதான்." சுதா யாரோ கொடுத்த மோரை மெல்லக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை எவரையும் சொல்லவிடாத ஒன்றை, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"இவ காலையில கூழு குடிச்சிட்டு வந்தா. அவரு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலியே."