திராட்சைப் பந்தலில் நிக்கலாய்

நிக்கலாய் என்கிற ருஷ்ய இசையமைப்பாளர் கொஞ்ச காலம் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினார் என்று உலகத்திலேயே நம்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறாம் வகுப்பில், கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதைக் கம்பம் ஊரில் ஒரு கூட்டத்துக்கே சொன்னேன்.

மதுரை மாவட்டத்திலிருந்து எங்களைப் பிரித்துத் தேனி மாவட்டமாக ஆக்கியிருந்த புதிது. கம்பத்தில் நடக்கும் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வருகிற பிள்ளை தேனிக்குப் போகும், அங்கே கலெக்டர் கையால் பரிசு வாங்கும் என்று டீச்சர் சொன்னார். கலெக்டருக்குத் தொப்பி உண்டா இல்லையா என்பதில் எனக்கும் பக்கத்து பெஞ்சுக்காரிக்கும் ஒரு வருடமாகத் தீராத வழக்கு. நேரில் பார்த்துவிட்டு வந்து அவள் வாயை அடைக்க வேண்டும். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று அந்த வயதில் நான் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தலைப்பு, 'நான் போற்றும் இசைமேதை'.

"எல்லாப் பிள்ளையும் சினிமாக்காரவுகளைப் பத்தித்தான் பேசும். நீ உலகத்தைப் பேசு" என்று சொல்லி அப்பா டிரங்குப் பெட்டியைக் குடைந்தார். இளவட்டமாக இருந்தபோது மதுரையில் ஒரு கண்காட்சியில் வாங்கிய சின்னப் புத்தகம் வெளியே வந்தது. சோவியத் புத்தகங்களுக்கே உரிய வழவழப்பான தாள், தமிழில் அச்சிட்டது. அதில்தான் நிக்கலாய் இருந்தார். அவர் பெயருக்கு இன்னும் இரண்டு துண்டு உண்டு. அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்கே போய்விடலாம். அதனால் முதல் துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வதைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து, "எந்த பஸ்ஸு நிக்கலையாம்?" என்று கேட்டார். கை காட்டினாலும் நிற்காது என்று எங்கள் டவுன் பஸ்ஸுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

முதல் பாதி அருமையான கதை. ஆற்றங்கரை ஊரில் ரயில்வே தொழிலாளிக்கு மகனாகப் பிறக்கிறார். ரயில் தண்டவாளத்தில் போகிற சத்தத்தை ஆர்மோனியத்துக்குத் தம்பி மாதிரியான ஒரு பெட்டியில் வாசித்துக் காட்டுகிறார். மாஸ்கோவுக்குப் போய்ப் படிக்கிறார். யுத்தம் வருகிறது. நெருப்புக்கு விறகில்லாத அறையில், விரல் நுனிகளை வெட்டிவிட்ட கையுறையோடு பாட்டு எழுதுகிறார். ரொட்டிக்கு வரிசையில் நின்ற சனம் அவர் பாட்டைப் பாடிக்கொண்டே நிற்கிறது. இப்படியே போய், 'ஒரு நாள் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில்' என்ற இடத்தில் புத்தகம் தீர்ந்துவிட்டது. பின்பாதியைக் காணோம்.

"அந்தத் தாள்லதான் அவரை விதை முடிஞ்சு வச்சேன்" என்றார் அம்மா, ஏதோ எல்லார் வீட்டிலும் நடப்பது போல. "வழவழன்னு இருந்துச்சு. பூச்சி அண்டாதுல்ல."

அவரை முளைத்துக் கொடியேறி நாங்கள் பொரியலும் தின்று முடித்தாயிற்று. ஒரே ஒரு பீர்க்கை விதைப் பொட்டலம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பிரித்தால் உள்ளங்கை அகலத் தாள். ஒரு பக்கம் ஒரே ஒரு முழு வரி: 'அதன் பிறகு பல ஆண்டுகள் அவருடைய இசை மேடையேறவில்லை.' மறுபக்கம் அவருடைய போட்டோ. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். வலது கையில் குச்சி மாதிரி ஏதோ இருந்தது. கண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. எங்கள் தெருவில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர் அப்பாவின் அக்கா, என் அத்தை. மாமா காலமான பிறகு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். விடிந்ததும் தூக்குவாளியோடு தோட்டத்துக்குப் போய்விடுவார். சனிக்கிழமை நானும் தாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பன்னீர் திராட்சைக்குக் கவாத்து நேரம். பந்தலுக்குக் கீழே பத்துப் பெண்கள் அண்ணாந்து, இரண்டு கைகளையும் தூக்கி, கத்தரியால் கொடிகளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, இவரு என்ன செய்றாரு?"

அத்தை கத்தரியை இறக்காமலே போட்டோவைப் பார்த்தார். "பாத்தாத் தெரியலையா? கவாத்து வெட்டுறாக."

பந்தல் குலுங்கச் சிரித்தார்கள். "சட்டையப் பாருங்கடி. கவாத்துக்கு வார சட்டையா இது? மாப்பிள்ளைச் சட்டை" என்றார் ஒருவர்.

"மொத நாள் வேலை. போகப் போகப் பழகிருவாக" என்றார் அத்தை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளைத் திருப்பி அந்த ஒரு வரியை வாசித்தேன். அத்தையின் சிரிப்பு நின்றது.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"எதுக்காம்?"

"தெரியலை. மேலிடத்துலருந்து கடிதாசி வந்துச்சு. அதுக்கப்புறம் தாளு இல்லை."

"கடிதாசி எதுக்கு? வீட்டு ஆம்பளை வாசல்ல நின்னு போதும்னு சொன்னாப் பத்தாதா" என்று பக்கத்தில் நின்றவர் முனகினார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேறு கொடிக்கு நகர்ந்துவிட்டார்.

பிறகு அத்தை மறுபடி கத்தரியைத் தூக்கினார். "சரி, கேளு ஆத்தா. இனிமே மெட்டுக் கட்டக் கூடாதுன்னு கடிதாசில இருந்துச்சு. அவுக சண்டைக்குப் போகலை. கத்தரியை எடுத்துக்கிட்டு இங்கன வந்துட்டாக. ஆனா மெட்டு சொன்னாக் கேக்குமா? அது பாட்டுக்கு வரும், காய்ச்சல் வார மாதிரி. அதனால கத்தரிச் சத்தத்துலயே மெட்டைக் கட்டி, அந்தச் சத்தத்தோடயே விட்டுருவாக."

சொல்லிக்கொண்டே வெட்டிக் காட்டினார். டிக் டிக்டிக் டிக், ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி டிக்டிக். கொடி நறுக்குகள் என் தலையில் விழுந்தன.

"முன்னாடி கட்டுன பாட்டெல்லாம்?"

"அது ஊர் ஊராப் போச்சு. வேற ஆளு பேரைச் சொல்லிப் பாடுனாக. ஒருக்கா இவுகளே கூட்டத்துல கடேசியில நின்னு கேட்டாக."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. தாளம் தப்பாப் போட்டானுக."

அந்த நாடே இப்போது இல்லை என்று டீச்சர் சொன்னாரே, அப்படியானால் அவர் சோவியத்தா ருஷ்யாவா என்று கேட்டேன்.

"நாமகூட மதுரை ஜில்லாவுல இருந்தோம், இப்பத் தேனி ஜில்லாங்கறாக. நம்ம வீடு நகந்துச்சா? அவுகளும் அங்கனயேதான் இருந்திருப்பாக. போர்டை மாத்திருப்பாக, அம்புட்டுதான்."

"கடைசியில நிறுத்திட்டாரா அத்தை?"

"பேரைச் சொல்லு."

"நிக்கலாய்."

"அதான். நிக்கலை."

போட்டியன்று முதல் பாதியை நான் ஒப்பித்தபோது ஆளாளுக்குக் கொட்டாவி விட்டார்கள். கவாத்துக்கு வந்ததும் அரங்கம் நிமிர்ந்தது. மாப்பிள்ளைச் சட்டைக்குச் சிரித்தார்கள். போர்டு மாற்றியதற்குக் கை தட்டினார்கள். தாளம் தப்பான இடத்தில் சத்தமே இல்லை. நாக்கால் கத்தரிச் சத்தம் போட்டு, "நிக்கலாய் நிற்கவில்லை" என்று முடித்தபோது தேனி எனக்குக் கண்ணில் தெரிந்தது.

நடுவர் மேஜையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் நடுவர், "பனி பெய்யுற ஊர்ல திராட்சைப் பந்தல் ஏதும்மா? எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார்.

"பாதி புத்தகத்துல இருக்கு மேடம். மீதி எங்க அத்தை சொன்னாக."

அரங்கம் சிரித்த சிரிப்பில் என் தேனி கரைந்து போனது. ஓரத்தில் இருந்த நரைத்த தலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அத்தை எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "தோட்ட வேலைக்கா போறாக?" என்றார். தலையாட்டினேன். "அந்தக் கத்தரிச் சத்தத்தை இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். அவர் விரல்கள் மேஜையில் கூடவே தட்டின. நான் இடைவெளி விட்ட இடத்தில் அவையும் காத்திருந்தன. நான் சொல்லிக் கொடுக்காமலே.

எனக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு, பிளாஸ்டிக் சோப்பு டப்பா.

முழுப் புத்தகம் பல வருடம் கழித்து ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நிக்கலாயின் இசை மறுபடி மேடையேறியிருக்கிறது. பதக்கமெல்லாம் வாங்கி, நரைத்த தலையோடு கௌரவமாக வாழ்ந்திருக்கிறார். கையில் இருந்த குச்சி, எண்பது வாத்தியக்காரர்களை ஒன்றாக நடத்துகிற குச்சி. அதைப் படித்துவிட்டுத்தான், அப்படியானால் அத்தை சொன்னது யார் கதை என்று அப்பாவிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை ஒரு கலைக்குழுவுக்கு நான்கு வருடம் மெட்டுக் கட்டிக் கொடுத்தார் என்றும், அதில் டோலக் வாசித்தவர்தான் போட்டியில் தாளம் போட்ட அந்த நடுவர் என்றும் அப்பா சொன்னார். நிறுத்தச் சொன்னது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

போட்டி நடந்த அன்று இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. டவுன் பஸ் அன்றைக்கும் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து வந்த ஆத்திரத்தில் நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உங்களாலதான் போச்சு" என்று டப்பாவைத் துவைக்கிற கல்லில் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அந்த நரைச்ச தலைக்காரரு தாளம் போட்டாரா?"

"ஆமா."

"மூச்சு விடுற எடத்துல சரியா விட்டாரா?"

"விட்டாரு. அதை விடுங்க, எனக்குப் பரிசு போச்சே."

"கடேசி வரைக்கும் எல்லாரும் கேட்டாகளா?"

"கேட்டாக."

அத்தை ஈரக் கையை உதறினார். பிறகு டப்பாவை எடுத்து, முந்தானையில் நன்றாகத் துடைத்து, மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். "இது எனக்கு இருக்கட்டும் ஆத்தா" என்றார்.

தோற்றதற்குக் கொடுத்த டப்பாவை ஒருவர் இப்படிக் கேட்டு வாங்குவாரா என்று எனக்கு ஆச்சரியம். பாவம், அத்தை வீட்டில் சோப்பு வைக்க டப்பா இல்லை போல என்று நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன்.