ஆளே போடாமல் விடப்பட்ட பவித்ரா

1. இரண்டாவது ஆட்டம்

சிங்கப்பூரின் தோ பாயோ அரங்கத்தில் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். வீராங்கனைகள் உடைமாற்றப் போனதும் கோச் ரமேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அடுத்த சீசனுக்குப் பவித்ரா வேணாம். அந்த இடத்துக்கு உயரமான பொண்ணு ஒன்னு பார்த்து வச்சிருக்கேன்."

நான் எங்கள் மகளிர் கூடைப்பந்து கிளப்பின் டீம் மேனேஜர். யார் தொடர்வது, யார் விலகுவது என்பதை நானும் கோச்சும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். பவித்ரா தாதி வேலை பார்ப்பவர், ஆட்டத்தில் ரோல் பிளேயர். பாயிண்ட் குவிக்கும் நட்சத்திரம் அல்ல. கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பாய்ந்து ரீபவுண்ட் எடுப்பார், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியைத் துரத்தித் துரத்தித் தடுப்பார். ஷூட்டிங் சுமார். லீக் ஆட்டங்களில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பிளேஆஃப் வேறு. லீக்கில் ஓர் அணியை ஒருமுறை சந்தித்துவிட்டு அடுத்த அணிக்குப் போய்விடுவோம். அரையிறுதியிலோ ஒரே அணியுடன் மூன்று ஆட்டம்வரை ஆட வேண்டும்; இரண்டில் வென்றவர்தான் இறுதியாட்டத்துக்குப் போவார். அதற்குள் அவர்கள் நம்மை நன்றாகப் படித்துவிடுவார்கள். முதல் ஆட்டத்தில் நாங்கள் வென்றோம். இரண்டாவதில் அவர்கள் பவித்ராவுக்கு ஆளே போடவில்லை. அவரைத் தடுக்க வேண்டியவள் கூடைக்குக் கீழே போய் நின்று, எங்கள் மற்ற நால்வரின் வழியையும் அடைத்துக்கொண்டாள்.

"ஷூட் லா, ஷூட்!" என்று எதிரணி பெஞ்சிலிருந்து கேலி வந்தது. பவித்ராவும் எறிந்தார். ஒன்றுகூட விழவில்லை.

"லீக்ல யார் வேணா நல்லா ஆடலாம்ணே. ரோல் பிளேயரைப் பிளேஆஃப்லதான் எடை போடணும்," என்றார் ரமேஷ்.

"பிளேஆஃப் இன்னும் முடியலையே. மூணாவது ஆட்டம் இருக்குல்ல?"

"ஓகே லா. அதுலயும் இப்படின்னா நீங்க வாயே திறக்கக் கூடாது!"

2. மூன்றாவது ஆட்டம்

பவித்ரா சீக்கிரமே வந்துவிட்டார். "அண்ணே, என்னைத் தூக்கப் போறீங்களா?" என்று நேராகவே கேட்டார்.

மறைப்பதில் அர்த்தமில்லை. "இன்னிக்கு ஆட்டத்தைப் பார்த்துத்தான்மா முடிவு."

"அப்போ நல்லாப் பாருங்க," என்று சொல்லிவிட்டு ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார்.

ஆட்டம் தொடங்கியது. மறுபடியும் அவருக்கு ஆள் போடவில்லை. இம்முறை அவர் தூரத்திலிருந்து ஷூட் செய்யவே இல்லை. பந்தை எங்கள் ஷூட்டர் மெய் லிங்கிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய், மெய் லிங்கைத் துரத்தியவளின் வழியில் ஸ்கிரீன் வைத்தார். அதாவது உடம்பைக் கல்போல் நிறுத்தி மறித்தார். வழக்கமாக, ஸ்கிரீன் வைப்பவரைத் தடுக்கும் எதிரணி ஆள் உடனே முன்னால் பாய்ந்து ஷூட்டரைத் தடுப்பாள். பவித்ராவின் ஆளோ தூரத்தில், கூடைக்கடியில் நின்றிருந்தாள். மெய் லிங்குக்கு முன்னால் யாருமே இல்லை. மூன்று பாயிண்ட்!

மறுபடி ஸ்கிரீன். மறுபடி மூன்று. நான் எழுந்து கத்தினேன். உட்காரும்படி ரெஃப்ரி சைகை காட்டினார். உட்கார்ந்தேன், அடுத்த பந்து விழுந்ததும் மறுபடி எழுந்துவிட்டேன்.

மூன்றாம் குவார்ட்டரில் எதிரணியின் கோச் டைம்அவுட் கேட்டார். அந்த அம்மாள் போட்ட சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது: "ஹூ இஸ் கார்டிங் ஃபோர்டீன்?" பதினான்கு பவித்ராவின் நம்பர். அதன்பிறகு ஓர் ஆள் அவரோடு ஒட்டிக்கொண்டாள். கூடைக்கடி காலியானது. எங்கள் மற்ற பெண்கள் அந்த வழியில் புகுந்து புகுந்து போட்டார்கள். வென்றோம்!

3. எடை போட்டது

ஸ்கோர் ஷீட்டில் பவித்ராவுக்கு இரண்டே பாயிண்ட்.

"எனக்கே தோணலையேம்மா! உனக்கு எப்படி?" என்று கேட்டார் ரமேஷ்.

"ரெண்டாவது ஆட்டத்துல என் பக்கத்துல யாருமே இல்லையே கோச். நிதானமா நின்னு எல்லாத்தையும் பார்த்தேன்."

ரமேஷ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிளேஆஃபில் ரோல் பிளேயரை எடை போடுவது சரிதான். ஆனால் பாயிண்டை மட்டும் எண்ணாதீர்கள். எதிரணி ஒருவரின் பலவீனத்தைக் கண்டுபிடித்த பிறகு, அடுத்த ஆட்டத்துக்கு அவர் என்ன யோசித்து வந்தார் என்று பாருங்கள். எதிரணி தன் திட்டத்தை அவருக்காக மாற்ற வேண்டி வந்ததா என்று பாருங்கள்.

அடுத்த சீசனுக்கான பெயர்களை இறுதியாட்டம் முடிந்த பிறகு கொடுத்தால் போதும். ரமேஷ் அங்கேயே, அப்போதே பவித்ராவின் பெயரைப் போடச் சொன்னார்.

"என்ன அவசரம்? ஃபைனல் முடியட்டுமே," என்றேன்.

"அட நீங்க வேறண்ணே! எதிர் டீம் கோச்சம்மா இப்பதான் பவித்ராகிட்ட போன் நம்பர் கேட்டுட்டுப் போறாங்க."